ஆட்டமிழக்காமல் அறுபத்தெட்டு

மாலை 3.18

பெட்டியின் கதவு திறந்தது. உள்ளே மெஷின் இல்லை.

ஓவன் ட்ராந்தர் கையை விட்டுத் துழாவினான். அடியில் மஞ்சள் நிறச் சவரக்கத்தி ஒன்று உறை பிரிக்காமல் கிடந்தது. வேறு எதுவும் இல்லை. மாரடைத்து விழுந்தவர் நெஞ்சில் ஒட்டி மின்னதிர்ச்சி கொடுக்கிற மெஷின் அது. ஹாஃப் மூன் பப்பின் கிரிக்கெட் அணி மூன்று கோடை முழுக்க மேட்ச் ஆடி, கேக் விற்று, குலுக்கல் நடத்தி ஊருக்கு வாங்கிக் கொடுத்தது. பப்பின் வெளிச்சுவரில் அதற்கென்று மாட்டிய பெட்டியில் இப்போது வெறும் தகரம்.

சாலைக்கு அந்தப் பக்கம், மைதானத்தின் நடுவே, அணித்தலைவர் லென் கேட்ஸ்பி மல்லாந்து கிடந்தார்.

ஓவன் திரும்பி ஓடினான். எல்லைக்கோட்டிலிருந்தே கத்தினான். "மெஷின் இல்ல! பெட்டி காலி!"

எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. லென்னின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ஹ்யூ பர்ஸ்லோ மட்டும் திரும்பவில்லை. நடுவரின் வெள்ளைக் கோட்டோடு மண்டியிட்டு, முழங்கை மடங்காமல், வாய்விட்டு எண்ணிக்கொண்டே அழுத்தினார். "பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது." அந்த மைதானத்தில் கணக்கைத் தவறவிடாதவர் அவர் ஒருவர்தான்.

ஹெலிகாப்டர் வந்து இறங்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை. அந்த ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுக்கு நிதி திரட்டத்தான் இன்றைய மேட்ச். அதன் படம் போட்ட துணிப்பதாகையைத்தான் ஓவன் பெட்டியின் மேலிருந்து கிழித்து எறிந்துவிட்டு வந்திருந்தான்.

"நல்லா அழுத்தியிருக்கீங்க," என்றாள் ஹெலிகாப்டரில் வந்த மருத்துவப் பெண். "துடிப்பு லேசா இருக்கு. ஆனா முதல்லயே ஒரு ஷாக் கொடுத்திருந்தா..." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. லென்னின் மனைவி மொய்ரா பக்கத்தில் நின்றிருந்தார்.

ஹெலிகாப்டரில் மொய்ராவுக்கு இடம் இல்லை.

மாலை 3.50

ஓவனுக்கு முப்பத்திரண்டு வயது. போலீஸ் கான்ஸ்டபிள். இன்று விடுமுறை. போன அக்டோபரில் மனைவி லியா இறந்தாள். அவனை வீட்டில் உட்கார விடாமல் இழுத்துவந்து அணியில் ஒன்பதாம் ஆட்டக்காரனாகப் போட்டவர் மொய்ராதான். பப்பை நடத்துபவரும் அவரே. சுவரில் இருக்கும் மெஷினுக்குப் பொறுப்பும் அவருடையது.

இப்போது அவர் பப்பின் பின்கட்டுச் சமையலறையில், இரவு விருந்துக்கு உரித்த உருளைக்கிழங்குப் பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"நான் கார்ல கொண்டுபோய் விடறேன், மொய்ரா."

"வேண்டாம். பீட்டர் ராத்திரி நிதி ஏலத்துக்கு வர்றதா ஏற்கெனவே கிளம்பிட்டான். அஞ்சு மணிக்கு முன்னாடி வந்துருவான். அவனோட போறேன்." மகன் பெயரைச் சொன்னதும் அவர் குரல் உடைந்தது. "வந்ததும் என்ன கேப்பான் தெரியுமா? 'அம்மா, மெஷின் எங்க?' நான் என்ன சொல்ல?"

ஓவன் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவர் முன்னாலிருந்து நகர்த்தி வைத்தான்.

"நேத்து சாயங்காலம் பூத்தொட்டிக்குத் தண்ணி ஊத்தும்போது பாத்தேன். பெட்டிக்குள்ள பச்சை லைட் எரிஞ்சுது." மொய்ரா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "பாத்தேனா? இல்ல, தினம் பாக்கறதால பாத்ததா நெனச்சுக்கிட்டேனா? சர்வீஸுக்குக் கொடுத்துட்டு மறந்துட்டேனா? ஒண்ணுமே புரியல. ஓவன், நீ போலீஸ்தானே. ஊர் என்ன பேசுனாலும் பேசட்டும், அதைப் பத்திக் கவலையில்ல. ஆனா அந்த மனுஷன் போறதுக்குள்ள எனக்குத் தெரியணும். நான்தான் கொன்னேனா?"

"அவர் உயிரோடதான் இருக்கார்."

"எனக்குத் தெரியணும்," என்றார் மறுபடியும்.

பீட்டர் வர ஒரு மணி நேரம்கூட இல்லை. ஓவன் எழுந்தான்.

மாலை 3.58

பெட்டியின் பூட்டு எண்பூட்டு. கீறல் இல்லை, வளைவு இல்லை. ஓவன் ஓடிவந்து திறந்தபோது எண்கள் கலைத்து விடப்பட்டிருந்தன. எடுத்தவர் எண் தெரிந்தவர். எடுத்துவிட்டு நிதானமாகப் பூட்டியும் இருக்கிறார்.

எண் 2474. இந்த அணி தன் வாழ்நாளில் எடுத்த அதிகபட்சம், நான்கு விக்கெட்டுக்கு இருநூற்று நாற்பத்தேழு. மெஷினை மாட்டிய அன்று லென் அதைத்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எதிரணியில் யாருக்கும் அது தெரியாது. சொந்த அணியில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்படியென்றால் நம்மில் ஒருவர்.

சவரக்கத்தியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓவன் உள்ளே போனான்.

பப்பில் யாரும் உடை மாற்றவில்லை. வெள்ளைச் சட்டைகளில் புல்கறை. நடுவில் பாஸ் டாலி கத்திக்கொண்டிருந்தான். கார் பழுது பார்ப்பவன். லென்னுடன் தொடக்க ஆட்டக்காரனாக இறங்கி, அவர் விழும்போது எதிர்முனையில் நின்றவன்.

"மார்ச் மாசம் ஹ்யூ எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாரு! ரப்பர் பொம்மையைப் போட்டு, ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி கத்த விட்டாரு. கூப்பிடு, கொண்டுவா, அழுத்து! மூணு வார்த்தை! எதைக் கொண்டு வர்றது? சுவத்துல இருக்குற ஒரு பெட்டியைப் பாத்துக்கறது அவ்ளோ பெரிய வேலையா? பீர் ஊத்தத் தெரியுதில்ல?"

"வாயை மூடு பாஸ். அவங்க உள்ள இருக்காங்க," என்றார் க்வென் ஹாலம். ஸ்கோர் எழுதுபவர், எழுபது வயது.

"கேக்கட்டுமே!"

"பாஸ்," என்றான் ஓவன். "பதாகையைப் பெட்டி மேல கட்டுனது யாரு?"

பாஸ் திரும்பினான். "நான்தான். காலைல ஒம்பது மணிக்கு. ஏன்?"

"பெட்டியை மறைச்சுக் கட்டியிருக்கே."

"அங்கதான்டா ஆணி இருந்துச்சு."

"உள்ள லைட் எரிஞ்சுதா?"

"நான் பதாகை கட்டுனேனா, லைட் பாத்தேனா?" அவன் முகம் சிவந்தது. "என்ன கான்ஸ்டபிள், என்னையே சந்தேகப்படறியா? கேப்டன் பதவி கேட்டு லென்கிட்ட சண்டை போட்டேன், சரி. அதுக்காக மனுஷன் எப்ப விழுவான்னு ஜோசியம் பாத்து மெஷினைத் தூக்கிட்டுப் போனேனா? ரெண்டு மணி நேரத்துக்கு மேல அந்த ஆளோட ஓடியிருக்கேன்டா இன்னிக்கு! நூத்தி நாப்பது ரன்! அதுல அவரு மட்டும் அறுபத்தெட்டு! இந்த ஊர் சரித்திரத்துலயே..." அவன் நிறுத்தினான். கண்ணாடிக் கோப்பையை மேசையில் வைத்தான்.

அது நடிப்பில்லை. அவன் சொன்ன காரணமும் சரி. ஒருவர் எந்த நிமிடம் விழுவார் என்று யாருக்கும் தெரியாது. லென்னைக் கொல்ல யாரும் மெஷினை எடுக்கவில்லை.

"க்வென், மேட்ச் நடக்கும்போது பெஞ்சிலேருந்து யாராவது எழுந்து போனாங்களா?"

"நீயும்தான் பெஞ்சில உக்காந்திருந்த. யாராவது எழுந்தா விட்டிருப்பேனா?"

உண்மைதான். ஜோடி நன்றாக ஆடும்போது உட்கார்ந்தவர் நகரக்கூடாது. நகர்ந்தால் விக்கெட் விழும். இந்த ஊர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறதோ இல்லையோ, இதை மீறாது. லென்னும் பாஸும் முப்பதைத் தாண்டியதும் க்வென் தடை போட்டார். ஒருவன் தும்மல் வந்து எழுந்ததற்குத் தொப்பியால் அடி வாங்கினான்.

"பாவம் ஹ்யூதான்," என்றார் க்வென். "பேட்டிங் நம்மதுன்னா பத்து ஓவருக்கு ஒரு ஆள் மாத்தி நம்மாளே நடுவர் கோட்டைப் போடுறது வழக்கம். இன்னிக்கு அவரையும் மாத்த விடல. ரெண்டு தடவை கோட்டைப் பிடிச்சுக் காட்டிக் கேட்டாரு. 'அடக்கிக்கோங்க'ன்னேன். எல்லாரும் சிரிச்சோம்." அவர் மூக்கை உறிஞ்சினார். "அவரை நிறுத்தி வெச்சதும் நல்லதாப் போச்சு. லென் விழுந்த அடுத்த நொடி பக்கத்துல இருந்தாரே. 'ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க'ன்னாரு, அழுத்த ஆரம்பிச்சுட்டாரு. அவரு மட்டும் இல்லன்னா அங்கயே முடிஞ்சிருக்கும்."

"அப்புறம்?"

"என்ன அப்புறம்? அழுத்திட்டே இருந்தாரு."

"என்னை மெஷினுக்கு ஓடச் சொன்னது யாரு?"

"எதிரணி கீப்பர் பையன். 'உங்க ஊர்ல மெஷின் இல்லையா?'ன்னு கத்துனானே. நீ ஓடுன. ஏன், உனக்கே மறந்து போச்சா?"

மறக்கவில்லை. ஓவன் சன்னல் வழியே பார்த்தான்.

பப்பின் தோட்டத்தில் ஹ்யூ பர்ஸ்லோ தனியாக உட்கார்ந்திருந்தார். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவரும் மனைவி வின்னியும்தான். அவர் முன்னால் மூன்று கோப்பை பீர். மூன்று பேர் வாங்கி வைத்தது. ஒன்றையும் தொடவில்லை. உள்ளங்கைகள் வீங்கியிருந்தன. மேசைமேல் போன் கிடந்தது. அதைப் பார்க்கிறார், எடுக்கிறார், வைக்கிறார், பார்க்கிறார்.

அப்படி உட்காருவது எப்படி என்று ஓவனுக்குத் தெரியும். போன வருடம் கோடை முழுக்க அவன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். எங்கே இருந்தாலும் காது மட்டும் வீட்டில் ஓர் அறையில் இருக்கும்.

சட்டைப்பையில் இருந்த சவரக்கத்தியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தோட்டத்துக்குப் போனான்.

"ஹ்யூ, ஒரு நிமிஷம் சமையலறைக்கு வாங்க."

ஹ்யூ அவனைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அவர்கள் உள்ளே கடந்து போனபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாஸ் அவர் தோளைப் பிடித்து அழுத்தினான். "அடுத்த ரவுண்டும் என்னோடதுதான், ஹ்யூ!"

மாலை 4.20

ஓவன் சமையலறைக் கதவைச் சாத்தினான். சவரக்கத்தியை மேசைமேல் வைத்தான்.

"மொய்ரா, இது உங்க தப்பு இல்ல. நேத்து சாயங்காலம் நீங்க லைட்டைப் பாத்தது நிஜம். மெஷின் அங்கதான் இருந்துச்சு. காலைல ஒம்பது மணிக்குப் பதாகை பெட்டியை மூடிடுச்சு, அதனால நேத்து ராத்திரி பப் மூடுன பிறகுதான் ஹ்யூ எடுத்துட்டுப் போயிருக்கார்."

மொய்ரா சிரிக்கப் பார்த்தார். "ஹ்யூவா? என்ன உளறுறே? அவர்தானே..."

ஹ்யூ மறுக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"பெட்டியில மிச்சம் இருந்தது இது மட்டும்தான்," என்றான் ஓவன். "நெஞ்சுல முடி அடர்த்தியா இருந்தா மெஷினோட ஷாக் கொடுக்கற தாள் ஒட்டாது. சிரைக்க ஒரு கத்தி வெச்சிருப்பாங்க. விக்கறதுக்குத் திருடுறவன் இதையும் சேத்து அள்ளிட்டுப் போவான். இதை மட்டும் எடுத்துப் பெட்டியிலேயே விட்டுட்டுப் போனவருக்கு மெஷின் யாருக்குன்னு முன்னாடியே தெரியும். இது தேவைப்படாத ஆளுக்கு. ஒரு பொம்பளைக்கு. நம்ம அணியில யார் வீட்டுல பொம்பளைக்கு இதயம் மோசமா இருக்கு?"

மொய்ராவின் வாய் மெதுவாக அசைந்தது. "வின்னி."

"ஆனா நான் நம்பல. வேற ஒண்ணு இருந்துச்சு, எல்லாரும் கேட்டும் கவனிக்காதது. மார்ச்ல பயிற்சி அப்ப நான் 'கொண்டுவா'வை விட்டுட்டேன்னு ஹ்யூ என்னை எல்லார் முன்னாடியும் மூணு தடவை சொல்ல வெச்சார். 'கூப்பிட மறந்தாலும் பரவால்ல, மெஷினை மறக்காத'ன்னார். இன்னிக்கு லென் விழுந்தப்ப, கூப்பிடுன்னு சொன்னார். அழுத்துனார். நடுவுல இருக்குற வார்த்தையைச் சொல்லவேயில்ல. வெளியூர்க்காரன் ஒருத்தன் சொல்ல வேண்டியிருந்துச்சு. நான் வந்து பெட்டி காலின்னு கத்துனப்ப எல்லாரும் திரும்புனாங்க. இவர் திரும்பல. இவருக்கு அது செய்தி இல்ல."

வெளியே யாரோ ஹ்யூ பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

ஹ்யூ நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை அவளை ஆஸ்பத்திரிலேருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நெஞ்சுக்குள்ள வைக்கிற கருவிக்கு செப்டம்பர்லதான் தேதி. எந்த ராத்திரி வேணும்னாலும் நின்னுடலாம்னாங்க. மூஞ்சியைப் பாத்துச் சொன்னாங்க." அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "நான் தூங்கறதில்ல. பப் மூடுனதும் வந்து எடுத்துட்டுப் போவேன். விடியறதுக்குள்ள கொண்டுவந்து வெச்சிருவேன். ராத்திரி மட்டும்தான். கத்தியைப் பாத்தா அவ பயந்துடுவான்னு அதை மட்டும் வெச்சிட்டுப் போவேன்."

"இன்னிக்கு ஏன் வெக்கல?" என்றார் மொய்ரா.

"காலைல அவளுக்கு மூச்சு முட்டுச்சு. விட்டுட்டு வர முடியல. மத்தியானம் அவ தங்கச்சி வந்தா. பத்து ஓவர் நிப்போம், கோட்டைக் கழட்டிட்டு ஓடிப்போய் எடுத்துட்டு வந்துருவோம்னு..."

"கழட்டிட்டுப் போயிருக்கலாமே! கேவலம் ஒரு கிரிக்கெட் மேட்ச்!"

"லென் கேட்டான், மொய்ரா." முதல்முறையாக ஹ்யூவின் குரல் ஆடியது. "ரெண்டாவது தடவை நான் பெஞ்சைப் பாத்துக் கை காட்டுனப்ப பக்கத்துல வந்தான். அம்பது அடிச்சிருந்தான். முப்பது வருஷத்துல முதல் அம்பது. 'ஹ்யூ, நகராத. சத்தியமா சொல்றேன், நீ நகந்தா நான் அவுட்'னான். சின்னப் பையன் மாதிரி சிரிச்சான். நானும் இந்த ஊர்க்காரன்தானே. நின்னுட்டேன்."

மொய்ரா மேசை விளிம்பைப் பற்றினார். "விழுந்த பிறகு? அப்பவாவது சொல்லியிருக்கலாமே. ஓவன் கார்ல போயிருப்பான்."

"பத்து நிமிஷத்துல வந்திருக்கும்."

"அப்ப ஏன் சொல்லல?"

ஹ்யூ தன் கைகளைப் பார்த்தார்.

"எடுத்துட்டு வந்துருவாங்கன்னு," என்றார். "வின்னி பக்கத்துலேருந்து எடுத்துட்டு வந்துருவாங்கன்னு. அழுத்திட்டே இதைத்தான் நெனச்சேன். கையாலேயே காப்பாத்திடலாம்னு நெனச்சேன். காப்பாத்திட்டேன்னுதான் அந்தப் பொண்ணும் சொன்னா."

மொய்ரா எழுந்தார். ஹ்யூவை அறைந்தார். சத்தம் பெரிதாக இல்லை. ஹ்யூ முகத்தைத் திருப்பவும் இல்லை.

சுவரில் இருந்த போன் அடித்தது.

ஓவன் எடுக்கப் போனான். மொய்ரா முந்திக்கொண்டார். "ஆமா, பேசறேன்... சரி... சரி." பிறகு வெகுநேரம் கேட்டார். "இல்ல, மகன் வந்துட்டிருக்கான். நன்றி." போனை வைக்கும்போது அது கொக்கியில் மாட்டவில்லை. ஓவன் வாங்கி மாட்டினான்.

அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஹ்யூ கீழே உட்கார்ந்துவிட்டார், நாற்காலியில் அல்ல, தரையில். "நான் வெளியில போய்ச் சொல்லிடறேன். எல்லார்கிட்டயும். ஓவன், என்னைக் கூட்டிட்டுப் போ."

ஓவன் அசையவில்லை. செய்ய வேண்டியது என்ன என்று அவனுக்குத் தெரியும். நிலையத்துக்குப் போன் செய்ய வேண்டும். வண்டி வரும். வின்னியின் வீட்டுக்கும் ஒரு வண்டி போகும், படுக்கைக்குப் பக்கத்தில் இருப்பதை எடுக்க.

"தங்கச்சி எத்தனை மணிக்குக் கிளம்புவா?" என்று கேட்டார் மொய்ரா.

ஹ்யூவுக்குப் புரியவில்லை.

"வின்னியோட தங்கச்சி."

"அஞ்சு மணிக்கு பஸ்."

மொய்ரா குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். துணியால் துடைத்தார். ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு முன்னால் போனார். ஓவனும் பின்னால் போனான்.

க்வென் வாயைப் பொத்திக்கொண்டார்.

"லென் போயிட்டார்," என்றார் மொய்ரா. யாராவது பேசுவதற்கு முன்பே தொடர்ந்தார். "மெஷினை நான் வியாழக்கிழமை சர்வீஸுக்கு அனுப்பினேன். உங்க யார்கிட்டயும் சொல்லல. மறந்துட்டேன். திங்கட்கிழமை வந்துரும்."

ஓவன் வாயைத் திறந்தான். மொய்ரா அவனைப் பார்த்தார். அவன் மூடிக்கொண்டான்.

பாஸ் டாலி எழுந்தான். மொய்ராவை ஒரு தடவை பார்த்தான். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, தோள் உரசும் தூரத்தில் அவரைக் கடந்து வெளியே போனான். கதவு அடித்துச் சாத்தியது. இன்னொருவன் எழுந்தான். இன்னொருவன். க்வென் மட்டும் உட்கார்ந்திருந்தார், ஆனால் அவரும் மொய்ராவைப் பார்க்கவில்லை.

சமையலறை வாசலில் ஹ்யூ வந்து நின்றார். பேச ஆரம்பித்தார்.

"ஹ்யூ," என்றார் மொய்ரா திரும்பாமலே. "வீட்டுக்குப் போங்க. வின்னி தங்கச்சி பஸ்ஸுக்கு நேரமாச்சு."